குரங்கு உடைத்த ஓடும் லயத்துத் தகரமும்

மாத்தளையில் வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் பழுதுபார்ப்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பாதிப் பேர் குரங்கில்தான் தொடங்குவார்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரம் இது. ரத்தொட்டை, எல்கடுவ பக்கம் மட்டுமல்ல, நகர எல்லைக்குள்ளேயே கூட்டம் கூட்டமாக வந்து கூரையில் குதிக்கின்றன. தொல்லை நாட்டளவில் எவ்வளவு பெருத்துவிட்டதென்றால், 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் எல்லோரும் தத்தம் வளவில் நின்று குரங்கையும் மயிலையும் எண்ணித் தரும்படி விவசாய அமைச்சு கேட்டுக்கொண்டது. எண்ணியும் ஆயிற்று. உடைந்த ஓட்டுக்கு யார் காசு கொடுப்பது என்பது மட்டும் அப்படியே கிடக்கிறது.

சட்டத்தின் பதில் சுருக்கமானது. குடியிருப்பவர் உடைக்கவில்லை, அவருடைய கவனக்குறைவாலும் உடையவில்லை. ஆகவே வீட்டுக்காரர் கணக்கு. ஊர் வழக்கத்தின் பதில் வேறு: யார் தலையில் தண்ணீர் சொட்டுகிறதோ அவர் கணக்கு. நகரத்து வாடகை வீட்டில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி சில ஆயிரம் ரூபாய்ச் சண்டை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் அது நூறு வருடத்தைத் தாண்டிய வழக்கு. முன்னதைச் சட்ட ஆலோசனைப் பத்தியாகவும் பின்னதை அரசியல் கட்டுரையாகவும் தனித்தனியாக எழுதுவது நம்மிடையே பழக்கம். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகவே படுகிறது. கடமை யாருடையது என்று சட்டப் புத்தகத்தில் எப்போதோ எழுதியாயிற்று. அதைச் செய்யவைக்கும் பிடி குடியிருப்பவர் கையில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

நகரத்துக் கூரைகள்

ஒல்லாந்தர் மாத்தளையை ஆண்டதில்லை. 1815 வரை அது கண்டி இராச்சியத்தின் பகுதி. ஆனாலும் மாத்தளை வாடகை வீட்டின் கூரையை இன்றைக்கும் ஆள்வது ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம்தான். கண்டியச் சட்டம் பேசாத விடயங்களில் கரையோர மாகாணங்களின் சட்டமே செல்லும் என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் ஆங்கிலேயர் ஏற்பாடு செய்ததால் வந்த வினை, அல்லது வரம்.

அந்தச் சட்டத்தின்படி வீட்டுக்காரர் வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் ஒப்படைக்கவேண்டும். ஒப்படைத்த பிறகும் வாடகைக் காலம் முழுவதும் அந்த நிலையில் வைத்திருக்கவேண்டும். இந்தப் பிற்பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சாவியைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. கூரை, சுவர், தரை, கதவு நிலை, சுவருக்குள் ஓடும் குழாய், வயரிங் ஆகியவை வீட்டுக்காரருடையவை. குடியிருப்பவர் பொறுப்புள்ள ஒரு குடும்பத்தலைவர் தன் வீட்டைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். தானோ தன் வீட்டாரோ கெடுத்ததைச் சரிசெய்து கொடுக்கவேண்டும். நாள்பட்ட பாவனையால் தேய்ந்ததும் மங்கியதும் அவர் கணக்கில் வராது. மூன்று வருடம் இருந்துவிட்டுப் போகும்போது சுவரில் பெயின்ட் மங்கியிருக்கிறது என்று முற்பணத்தில் பிடிப்பது பொதுவாக நியாயமில்லை. சுவரில் கம்பி அடித்துச் சாந்தைப் பெயர்த்திருந்தால் பிடிப்பது நியாயம்.

வீட்டுக்காரர் செய்யாவிட்டால்? அறிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்து, பிறகு அவசியமான பழுதைத் தானே பார்த்துச் செலவை வாடகையில் கழிக்கலாம். வீட்டின் ஒரு பகுதி பாவிக்க முடியாமல் போயிருந்தால் அதற்கேற்ற வாடகைக் குறைப்பைக் கேட்கலாம். குறை பெரிதென்றால் உடன்பாட்டையே முறித்துக்கொண்டு போகலாம். செய்யக்கூடாத ஒன்று உண்டு. கோபத்தில் வாடகையை முழுதாக நிறுத்திவிடுவது. மாத்தளையில் பழுதுச் சண்டைகள் பெரும்பாலும் தடம் மாறுவது இந்த இடத்தில்தான். கூரை ஒழுகியதில் தொடங்கிய வழக்கு, நீதிமன்றத்துக்குப் போகும்போது வாடகை நிலுவை வழக்காகிவிடும். ஒழுகலைப் பற்றிப் பிறகு யாரும் பேசமாட்டார்கள்.

“அண்ணே, அறையில ஒழுகுது.” “சரி தம்பி, மழை விடட்டும், பாப்பம்.” இந்த இரண்டு வாக்கியங்களில்தான் நம் ஊரில் அறிவித்தல் நடக்கிறது. மழை விட்டதும் ஒழுகலும் விட்டுவிடும். பார்க்க ஒன்றும் இருக்காது. திகதியிட்ட ஒரு கடிதமோ ஈரச் சுவரின் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால்தான் பிறகு எவரிடமாவது காட்டமுடியும். உறவு கெட்டுவிடும் என்று பலர் எழுதத் தயங்குகிறார்கள். எழுதாமல் கெட்ட உறவுகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எழுத்து என்றதும் எல்லோரும் முத்திரை ஒட்டிய ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். இரண்டு சாட்சி, ஒரு வருடக் காலம், கீழே கையொப்பம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் குத்தகையாகச் செல்லாது. ஆக, பெட்டியில் பத்திரமாக இருக்கும் பல ஒரு வருட ஒப்பந்தங்கள் சட்டத்தின் கண்ணில் மாத வாடகைதான். இதில் வேடிக்கை, இந்த ஒப்பந்தங்களில் பழுதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும்: வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பி ஒப்படைக்கவேண்டும். பெற்றுக்கொண்டபோது எந்த நிலையில் இருந்தது என்று ஒரு வரியும் இருக்காது. வீட்டுக்குள் நுழையும் நாளில் கைபேசியில் நாலு படம் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொண்டால் பாதி வம்பு தீரும்.

இன்னொரு சிக்கல் நுளம்பு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டின் உரிமையாளரையோ குடியிருப்பவரையோ பொறுப்பாக்குகிறது. கூரைப் பீலி வளைந்து தண்ணீர் தேங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவைத் தட்டுவது உள்ளே இருப்பவரின் கதவை. பீலியை மாற்றும் கடமை வீட்டுக்காரருடையது. நீதிமன்றத்துக்கு அலைவது வாடகைக்காரர். இலை குப்பை அள்ளாமல் தேங்கியது என்றால் வாடகைக்காரரே பொறுப்பு என்பதையும் சொல்லவேண்டும். கழிவறைக் குழி நிரம்பினால் மாநகர சபையின் பவுசருக்குக் கட்டுவது நம் வழக்கத்தில் குடியிருப்பவர். குழியே இடிந்தால் வீட்டுக்காரர். வழக்கமும் சட்டமும் ஒத்துப்போகும் சில இடங்களில் இது ஒன்று.

மலிந்த வாடகை, மெலிந்த சுவர்

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரரின் பெரிய காவல். உள்ளூராட்சி சபை மதிப்பிட்ட ஆண்டுப் பெறுமதியோடு வாடகையைப் பிணைத்தது. வெளியேற்றுவதற்கான காரணங்களைச் சுருக்கியது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் சபையில் கட்டும் வழியைத் திறந்தது. மறு வருடம், 1973இல், வீடுகளுக்கு உச்சவரம்பு விதித்த சட்டமும் வந்தது. சொந்த வீடு இல்லாத பல குடும்பங்கள் அதனால் பிழைத்தன. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வீடு பிழைத்ததா? மாத வாடகை ஒரு ஓட்டின் விலைக்குக் கீழே இறங்கிவிட்ட வீட்டை எந்த உரிமையாளரும் பழுதுபார்க்கமாட்டார். இடிந்து விழட்டும், அப்போதாவது ஆள் வெளியேறுவார் என்று காத்திருப்பார். ஆள் வெளியேறமாட்டார், ஏனென்றால் அந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காது. இலங்கையின் எந்தப் பழைய கடைத்தெருவிலும் மாடியில் ஆல் முளைத்த கட்டடங்களைப் பார்க்கலாம். கீழே வியாபாரம் நடக்கும். சட்டத்தின் 22ஆம் பிரிவு, குடியிருப்பவரின் செயலாலோ அலட்சியத்தாலோ கட்டடம் சீரழிந்தால் அதை வெளியேற்றுவதற்கான காரணமாக ஏற்கிறது. வீட்டுக்காரரின் அலட்சியத்தால் சீரழிந்தால் அதே அளவு கூர்மையான விளைவு அவருக்கு இல்லை. வாடகையை உறையவைத்த சட்டம், பழுதுபார்ப்புக்கான பணம் எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

1980ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் பிறகு கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகளை இந்தக் காவலுக்கு வெளியே விட்டது. ஆகவே இன்று மாத்தளையில் ஆசிரியரும் அரச ஊழியரும் வாடகைக்குப் பிடிக்கும் புதிய வீடுகளில் பெரும்பாலானவற்றை உடன்பாடும் ரோமன் டச்சுச் சட்டமும்தான் ஆள்கின்றன. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக்கு விட்ட இடத்தை வீட்டுக்காரர் விரைவாக மீட்டுக்கொள்ள விசேட நடைமுறை ஒன்றை ஏற்படுத்தியது. வருடக்கணக்கில் இழுபட்ட வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு அதன் தேவை புரியும். ஆனால் ஒழுகும் கூரையை விரைவாகச் சரிசெய்விக்கும் நடைமுறை எதுவும் கூடவே வரவில்லை. வெளியே அனுப்ப ஒரு வேகம், உள்ளே காப்பாற்ற வேறொரு வேகம்.

இந்தியா 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு யன்னலுக்கு வர்ணம், குழாய் மாற்றம், வயரிங் ஆகியவை வீட்டுக்காரருக்கு. தண்ணீர்க் குழாயின் வாஷர், வடிகால் அடைப்பு, சுவிட்ச், பூட்டு, கண்ணாடி, தோட்டம் ஆகியவை குடியிருப்பவருக்கு. வீட்டுக்காரர் மறுத்தால் குடியிருப்பவர் செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக்கூடாது. இந்தப் பாதி என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவருடைய கூரையும் ஒழுகாது, மற்றவருடைய மாத வருமானமும் ஒரேயடியாக நிற்காது. தமிழ்நாடும் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே உரிமைகளோடு பொறுப்புகளையும் சேர்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் நீர், மின், கழிவு இணைப்புகளையும் வீட்டுக்காரர் தலையில் வைக்கிறது. அதை ஒப்பந்தத்தால் தட்டிக்கழிக்கமுடியாது. 2020இல் ரொச்டேல் நகரில் சமூக வீடொன்றின் பூஞ்சையால் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இசாக் இறந்த பிறகு, இத்தனை நாளுக்குள் வந்து பார்த்துச் சரிசெய்யவேண்டும் என்று நாள் குறித்த விதிகள் 2025 ஒக்டோபரில் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தன. நம் சட்டத்தில் இல்லாதது இந்த இரண்டும்தான்: எது யாருடையது என்ற பட்டியல், எத்தனை நாளுக்குள் என்ற கெடு.

பணத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். 2021இல் ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த சீமெந்துப் பை 2022 நெருக்கடியில் மூவாயிரத்தை நெருங்கியது. மேசன்பாஸின் கூலியும் ஏறியது. மாத்தளையின் வீட்டுக்காரர்களில் பலர் பெரிய செல்வந்தர் இல்லை. ஓய்வூதியத்தோடு கீழ்த்தட்டை வாடகைக்கு விட்டு மேலே குடியிருக்கும் பழைய ஆசிரியர்கள், மத்திய கிழக்கில் உழைத்துக் கட்டிய வீட்டை நம்பி வாழும் தாய்மார். அவர்களிடம் ஒரே நேரத்தில் கூரை மாற்றக் கேட்பது நடக்கிற காரியமில்லை. இதனால்தான் நடைமுறையில் ஓர் இணக்கம் உருவாகியிருக்கிறது. பொருள் வீட்டுக்காரர், கூலி குடியிருப்பவர். அல்லது குடியிருப்பவர் முழுதாகச் செலவழித்து ஆறு மாத வாடகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது. பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு செய்தால் இதில் தவறில்லை. ஒத்துவராவிட்டால் நேரே வழக்கறிஞரிடம் ஓடவேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. செலவு அநேகமாக இல்லை. சிறு தொகைப் பிணக்குகள் பல எப்படியும் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

நகரத்து வாடகைக்காரருக்கு, ஆக, பிடி பலவீனமானது, ஆனால் இருக்கிறது. அவர் மாதாமாதம் பணம் கொடுக்கிறார். கழிக்கலாம், குறைக்கக் கேட்கலாம், சாமானை ஏற்றிக்கொண்டு வேறு வீடு பார்க்கலாம்.

வாடகை இல்லாத வீடு

இந்தப் பிடி ஒன்றுகூட இல்லாதவர்கள் அதே மாவட்டத்தில், ரத்தொட்டை பஸ்ஸில் ஏறினால் எட்டிவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள்.

மலையகத் தோட்டங்களின் கதை கோப்பியோடு தொடங்குகிறது. அந்தக் கோப்பிக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையில்தான் மலையைத் தொட்டார்கள். வழியில் மடிந்தவர்கள் போக மிஞ்சியவர்களுக்குக் கிடைத்தது லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. பின்பக்கம் யன்னலே இருக்காது. கோப்பி நோயில் அழிந்தது. தேயிலை, றப்பர், கொக்கோ வந்தன. துரைமார் மாறினார்கள். லயம் அப்படியே நின்றது.

ஒரு லயத்தைப் பழுதுபார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை வெளியே இருப்பவர்கள் யோசிப்பதில்லை. கூரை பொதுவானது. தகரத்தில் ஆணி துருப்பிடித்து ஓட்டை பெருகும். தார் பூசுவார்கள், உள்ளே பொலித்தீன் கட்டுவார்கள், காற்றுக்குத் தூக்காமல் மேலே கல்லும் பழைய டயரும் வைப்பார்கள். மூன்றாம் காம்பராக்காரர் கடன் வாங்கித் தன் தலைக்கு மேலே புதுத் தகரம் போட்டாலும், இரண்டாம் காம்பராவின் உளுத்த வளையிலிருந்து தண்ணீர் வழிந்து வரும். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் மின்கசிவால் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் எரிவது அதனால்தான். இப்படிப்பட்ட கட்டடத்தைத் தனித்தனிக் குடும்பங்கள் பழுதுபார்க்கவே முடியாது. கட்டடத்தின் அமைப்பே ஒரு பொது உரிமையாளரைக் கேட்கிறது.

அந்த உரிமையாளரின் கடமையைச் சட்டம் 1912இலேயே எழுதிவிட்டது. அவ்வாண்டின் 10ஆம் இலக்கத் தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் தக்க சுகாதார நிலையில் பேணுவதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. கருணையில் பிறந்த சட்டம் என்று நான் சொல்லமாட்டேன். கொழுந்து பறிக்க ஆள் வேண்டும், ஆள் சாகக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஆனாலும் நகரத்து வாடகைக்காரருக்கு இல்லாத ஒன்று, அதாவது பழுதைக் கவனிக்கவேண்டியவர் இன்னார் என்று பதவியைக் குறித்துச் சொன்ன சட்டம், தோட்டத்துக்கு நூறு வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. கிடைத்து என்ன பயன் என்பதுதான் மிச்சக் கதை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. ஜனவசம என்ற அரச சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் துரைகளாயின. மாத்தளையில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியாருக்குப் பகிரப்பட்டன. லயத்தில் இருந்தவர்களுக்குப் பகிர்வில் பங்கு கிடைத்தது மிகவும் அரிது. 1992இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசிடமே இருந்தது. மாத்தளைப் பக்கத் தோட்டங்களை வைத்திருக்கும் எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றிலிருந்து வேறுபட்டது. இன்றும் அது அரசின் கையில்தான் இருக்கிறது. அதே 1992இல் அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த நிதியம் ஒன்று வீடமைப்புக்கும் நலனுக்கும் என்று உருவாகி, பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரைப் பெற்றது. கூரை மாற்றும் திட்டங்கள், கடனில் வீடு கட்டும் திட்டங்கள் அதன் வழியே வந்தன. கடன் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. இப்போது லயத்துக் கூரை ஒழுகினால் கம்பனி நிதியத்தைக் காட்டும், நிதியம் அமைச்சைக் காட்டும், அமைச்சு நிலம் குத்தகையில் இருக்கிறது என்று கம்பனியையே காட்டும்.

பிரதேச சபையைக் கேட்கலாமே என்று நகரத்தவர் நினைக்கலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவழிக்கத் தடையாக நின்றது. தோட்ட மக்களின் வாக்கைச் சபை வாங்கலாம், அவர்களுடைய வடிகானுக்கு ஒரு மூட்டை சீமெந்து கொடுக்கமுடியாது. அந்தத் தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பது வருடம்.

தோட்ட நிர்வாகங்களின் வாதத்தையும் கேட்கவேண்டும். லயத்தில் இருப்போரில் பலர் இப்போது தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள் இல்லை. பிள்ளைகள் கொழும்பிலும் மாத்தளை நகரிலும் வேலை செய்கிறார்கள். வாடகை எதுவும் கொடுப்பதில்லை. தோட்டத்துக்கு உழைக்காதவருக்குத் தோட்டம் எப்படிக் கூரை போடும் என்பார்கள். பாதி உண்மை இதில் இருக்கிறது. மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. லயத்து வாடகை பணமாக எப்போதும் வாங்கப்படவில்லை. அது குறைந்த சம்பளத்தில் கழிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. 2021 வரை ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கே போராடவேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ஆனது. வீடு கொடுக்கிறோம் என்பது சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் எப்போதும் ஒரு சீட்டு. பேரம் பேசும்போது வீட்டைச் சம்பளத்தில் சேர்ப்பதும், கூரை ஒழுகும்போது அதே வீட்டை இலவசம் என்பதும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது.

1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் விசேட ஏற்பாடுகள் சட்டம், வேலை முடிந்தது என்பதற்காகத் தொழிலாளியை நீதிமன்ற உத்தரவின்றி லயத்திலிருந்து வெளியேற்றக்கூடாது என்றது. நல்ல காவல். ஆனால் அது இருக்கும் உரிமையைத் தந்ததே தவிர, திருத்தும் உரிமையைத் தரவில்லை. ஓய்வு பெற்றவரின் சேவைக்காலப் பணத்தை வீட்டைக் காலிசெய்யும் வரை பிடித்துவைக்கிறார்கள் என்ற புகார் நெடுங்காலமாக உண்டு. குடும்பம் பெருகி, இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை எடுத்தாலோ பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டாலோ அனுமதி இல்லை என்று கணக்கப்பிள்ளை வந்து நிற்பார். தானும் பார்க்கமாட்டார், பார்ப்பவரையும் விடமாட்டார்: நகரத்தில் எவ்வளவு மோசமான வீட்டுக்காரரிடமும் இந்த இரட்டைப் பூட்டு இல்லை.

அந்தப் பூட்டு எப்படி இருக்கும் என்பதை 2023 ஆகஸ்ட் மாதம் நாடே பார்த்தது. மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து முன்னோர் நடந்த பாதையில் ஜூலை 28 அன்று புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. காணியும் வீடும் அதன் முக்கியக் கோரிக்கைகள். முடிந்து சில நாட்களில், அதே மாத்தளையில், எல்கடுவ கம்பனியின் ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிக வீட்டைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்துத் தள்ளும் காணொளி பரவியது. அப்போது தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சராக இருந்த ஜீவன் தொண்டமான் நேரே போய் அதிகாரிகளோடு வாக்குவாதப்பட்டார், அதுவும் காணொளியானது. பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. கோபமெல்லாம் அந்த ஓர் அதிகாரி மேல் போனது. நடத்தைக்கு அவர் பொறுப்புத்தான். ஆனால் அந்தக் குடும்பம் ஏன் தற்காலிக வீடு போடவேண்டியிருந்தது, லயத்தைப் பார்த்துக்கொள்ளும் கடமையை யார் செய்யவில்லை என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அடங்கிவிட்டது. ஐ.நா.வின் நவீன அடிமைத்தனம் பற்றிய விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா 2021 இறுதியில் இலங்கைக்கு வந்து சென்று கொடுத்த அறிக்கையில் லயத்து வாழ்க்கையைக் குறிப்பிட்டிருந்தார். அப்போதும் அப்படித்தான்: அறிக்கை பேசப்பட்டது, கூரை பேசப்படவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மாத்தளை மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோனது, பாதைகள் அறுந்தன. இயற்கை அழிவில் வீடு போனால் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி எவரும் பொறுப்பில்லை. குத்தகை முடிந்தது, வாடகையும் நிற்கும், அவ்வளவுதான். நகரத்து வாடகைக்காரர் முற்பணத்தை வாங்கிக்கொண்டு வேறிடம் போகலாம். லயத்துக்காரருக்குத் திருப்பி வாங்க முற்பணம் இல்லை, இழப்பீட்டுக்குக் காட்ட உறுதி இல்லை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சரிவு ஆபத்தானது, எழும்புங்கள் என்று சொன்னால் எழும்பிப் போகச் சொந்த நிலம் இல்லை. பழுதுபார்க்காமல் விட்ட வடிகானும் தாங்குசுவரும் சரிவுக்கு எவ்வளவு துணைபோயின என்பதைத் தோட்டம் தோட்டமாகப் பார்த்து எழுதவேண்டும். எல்லாவற்றையும் புயல் தலையில் கட்டுவது யாருக்கோ வசதியாக இருக்கும்.

ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் பல வருடமாக நடக்கிறது. இந்திய அரசின் உதவியோடு மலையகத்துக்கு நாலாயிரம் வீடுகளும், 2017இல் நரேந்திர மோடி வந்தபோது அறிவித்த பத்தாயிரமும் அதில் சேரும். தன் பெயரில் உறுதி உள்ளவருக்குத் தன் கூரையைத் தானே பார்க்கும் பொறுப்பும் வரும். அதை அவர்கள் சந்தோஷமாக ஏற்பார்கள். ஆனால் வீடு கட்டும் வேகத்தைப் பார்த்தால் இன்னும் ஒரு தலைமுறை லயத்தில்தான் பிறந்து வளரும். தனி வீடு வரப்போகிறது என்பதே லயத்தைப் பழுதுபார்க்காமல் விடுவதற்கான சாக்காகவும் ஆகிவிட்டது. இடிக்கப்போகிற கட்டடத்துக்கு எதற்குத் தகரம் என்று கேட்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். இடிக்கும் வரை அதற்குள் மழை பெய்யும் என்பதுதான் பதில்.

சட்டம் இயற்றுபவர்களிடம் கேட்பதற்கு எனக்கு இரண்டு விடயங்கள் இருக்கின்றன. இந்தியச் சட்டத்தில் உள்ளதைப்போல் எது யாருடைய பழுது என்ற அட்டவணையை எழுதி, கெடுவும் கழிவு வரம்பும் வைத்து, நகர வீட்டுக்கும் லயத்துக்கும் ஒன்றாகச் செல்லும்படி ஆக்குங்கள். லயத்தில் பேர் பதிந்தவரா இல்லையா என்று பாராமல் குடியிருக்கும் குடும்பத்தின் பெயரில் குடியிருப்புச் சீட்டு ஒன்று கொடுங்கள்; அது கையில் இருந்தால்தான் அறிவித்தல் கொடுக்கமுடியும், மத்தியஸ்த சபையிடம் போகமுடியும், தானே திருத்தினால் செலவைக் கேட்கமுடியும்.

அதுவரை லயத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒழுகும் கூரையை, அடைபட்ட கானை, வெடித்த சுவரைப் படத்தோடும் திகதியோடும் எழுதித் தோட்ட முகாமையாளருக்குக் கொடுங்கள்; பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். மாத்தளையில் இதற்கு ஒரு தனி வசதி இருக்கிறது. தனியார் முகாமையில் உள்ள தோட்டங்களில் அரசு கம்பனிகளைக் கைகாட்டித் தப்பிக்கொள்ளலாம். எல்கடுவ கம்பனியின் தோட்டங்களில் அரசுதான் நிலத்துக்காரர், அரசுதான் முதலாளி, அரசுதான் துரை. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன் சொந்த லயங்களில் நிறைவேற்ற அரசுக்குப் புதிய சட்டமோ வேறு எவருடைய சம்மதமோ தேவையில்லை.